புயல் வேறு, பேரிடர் வேறு: ராமநாதபுரம் கடற்கரையில் ஆபத்தைக் கணக்கிடும் முறை

ஆளில்லாத மணல்திட்டின் மேல் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் மணல் இடம் மாறும், அவ்வளவுதான். போல்ட்டுகள் துருவேறிய தகரக் கூரைகள் நெருங்கி நிற்கும் தெருவில் அதே காற்று அடித்தால் அது பேரிடர். காற்றின் வழியில் என்ன நிற்கிறது, அது எவ்வளவு தாங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

பேரிடர் மேலாண்மையின் அரிச்சுவடி இவ்வளவுதான். அதற்கு மூன்று சொற்கள் போதும். கடலும் வானமும் கொண்டுவருவது இடர்: புயல், பெருமழை, கடல்மட்ட உயர்வு, வறட்சி. அந்த இடரின் பாதையில் மனிதர், வீடு, படகு, கிணறு இருப்பது சிக்கும் நிலை. சிக்கியவை எளிதில் உடைந்துபோகும் தன்மை நலிவு. மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது பேரிடர் பிறக்கிறது. இடரைத் தடுக்க வழியில்லை. மற்ற இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் விளைவு குறையும்.

தனுஷ்கோடியில் நடந்தது என்ன

1964 டிசம்பர் 22 இரவு இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை அழித்ததை எல்லோரும் சொல்வார்கள். ஏன் அழிந்தது என்பதை மேலே சொன்ன மூன்று சொற்களில் பிரித்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும்.

காற்றைவிடக் கொடுமை செய்தது தண்ணீர். புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் எழும்பும். அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய 1 செ.மீ. உயர்வு. 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். பெரிய உயர்வைத் தருவது காற்றின் தள்ளல். ஆழ்கடலில் மேல்நீர் கரைப்பக்கம் தள்ளப்பட்டால் அடியில் திரும்பிப் போக இடம் உண்டு. பாக் விரிகுடாவின் ஆழமோ பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. தள்ளப்பட்ட நீர் திரும்ப வழியில்லாமல் கரையில் குவியும். அந்தக் குவியலின் மேல்தான் அலைகள் ஏறி வரும். இது இடர்.

இருபுறமும் கடல் சூழ்ந்த தாழ்வான மணல் நாக்கில் ரயில் நிலையமும் துறைமுகமும் குடியிருப்பும் இருந்தன. ஓடி ஏற ஒரு மேடு கிடையாது. இது சிக்கும் நிலை. எச்சரிக்கை கடைசி வீடு வரை போய்ச் சேரும் வழி அன்று இல்லை. நடுநிசியை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இது நலிவு.

பின்னாளில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் வந்த ஒரு விதி எல்லோரும் பின்பற்றத்தக்கது. காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறி ரயிலை நிறுத்தியது. ஓட்டுநரின் துணிச்சலுக்கோ நிலைய அதிகாரியின் தயக்கத்துக்கோ அங்கே வேலையில்லை. காற்று அமைதியாக இருந்த நாளில் எடுத்த முடிவு, புயல் நாளில் நடைமுறைக்கு வருகிறது. இதை எல்லைக்கோடு என்று வைத்துக்கொள்வோம். கீழே பல இடங்களில் இந்தச் சொல் வரும்.

முதல் வேலை: ஊரைச் சுற்றி நடப்பது

ஆபத்தைக் கண்டறியக் கணினி வேண்டாம். ஒரு பெரிய தாள், மூன்று நிறப் பேனா, நாலு பேர் போதும். அந்த நாலு பேரில் ஒருவர் கடலுக்குப் போகிறவர், ஒருவர் தண்ணீர் எடுக்கப் போகும் பெண், ஒருவர் அறுபதைத் தாண்டியவர் என்று இருந்தால் மிகச் சரி. ஆண்கள் மட்டும் வரைந்த வரைபடத்தில் படகுத்துறை துல்லியமாக இருக்கும், குடிநீர் ஊற்று விடுபட்டிருக்கும்.

நடக்கும்போது பழைய வெள்ளம் சுவரில் விட்ட கறை எங்கே, எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மழைநீர் எந்தச் சந்தில் கடைசியாக வடிகிறது, எந்தக் கால்வாயை மூடி வீடோ சாலையோ கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மர் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? தனியே வாழும் முதியவர், படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில்? ஊரைவிட்டு வெளியேற எத்தனை வழி? கடைசிக் கேள்விதான் பலருக்கு உறைக்காது. ராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் ஒன்று, ரயில் பாலம் ஒன்று. காற்று ஏறினால் இரண்டும் ஒரே நேரத்தில் பயன்படாமல் போகலாம். பாம்பனுக்கு அப்பால் இருப்பவர்கள் வெளியுதவி வர மூன்று நாள் ஆகும் என்று கணக்கிட்டே சேமிக்க வேண்டும்.

அடுத்தது மாதக் கணக்கு. இம்மாவட்டத்தின் கரைக்கு இரண்டு கடல், இரண்டுக்கும் வெவ்வேறு கோபம். ஐப்பசி முதல் தை வரை வாடை அடிக்கும்போது வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கலங்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். தனுஷ்கோடிப் பக்கம் இவற்றைப் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். ஒரு பக்கத்து ஊரின் திட்டத்தை மறு பக்கத்து ஊர் அப்படியே நகலெடுத்தால் தவறான மாதத்தில் தயாராக இருக்கும்.

தென்கடல் பக்கத்துக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எங்கோ வீசிய புயல்காற்று கிளப்பிய நெடிய அலைகள், சில நாள் கழித்து இங்கே வந்து கரையேறும். உள்ளூரில் காற்றிருக்காது, வானம் பளிச்சென்றிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் வரும். கரையில் இழுத்து வைத்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். கால் நனைக்க இறங்கியவர்களை உள்ளே இழுக்கும். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கை மட்டுமே வழி.

2004 சுனாமி நாகப்பட்டினத்தைப் போல இங்கே அழிவு செய்யவில்லை. கிழக்கே இலங்கை மறைத்து நின்றது. ஒரு முறை தப்பியதை நிரந்தரக் கவசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண் போடுவது, எண் ஏமாற்றும் இடம்

கண்டறிந்தவற்றை வரிசைப்படுத்த எளிய கணக்கு உண்டு. எவ்வளவு அடிக்கடி வரும் என்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். வந்தால் எவ்வளவு இழப்பு என்பதற்கு 1 முதல் 5 வரை இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண்.

வடகடல் கரையில் 120 வீடுள்ள ஒரு மீனவ ஊரை மனத்தில் வைத்துப் போட்டுப் பார்ப்போம். வாடைக்காலக் காற்றில் தகரக் கூரை பிய்வது: 4 × 3 = 12. நங்கூரமிட்ட படகுகள் மோதுவது: 4 × 3 = 12. பெருமழையில் தெரு மூழ்குவது: 3 × 3 = 9. குடிநீர் ஊற்று உப்பாவது: 2 × 4 = 8. 1964 போலக் கடல் ஊருக்குள் வருவது: 1 × 5 = 5.

கடைசி வரியைப் பாருங்கள். ஊரையே துடைத்துப்போட வல்லது பட்டியலின் அடியில் கிடக்கிறது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். எனவே இழப்பு 5 என்று எண் பெற்ற எதுவும் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் தனித் தாளில் எழுதப்பட வேண்டும். அதற்குச் சுவர் கட்டப் பணம் தேட வேண்டியதில்லை. உயிரோடு வெளியேறும் ஏற்பாடு ஒன்று உறுதியாக வேண்டும்.

எண்கள் பழையதாகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் கரையைக் கடக்காமலே ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வானிலை மையத்தின் அளவுகோலில் 20.4 செ.மீ.யைத் தாண்டினாலே 'அதிகனமழை'. 40 செ.மீ. என்றால், 100 சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றில் மட்டும் விழுவது 40,000 லிட்டர். ஒரு தெருவில் நாற்பது மாடி இருந்தால் 16 லட்சம் லிட்டர் ஒரு சாக்கடைக்குள் போகப் பார்க்கிறது. 'இது வறண்ட மாவட்டம், வெள்ளம் வராது' என்று மழைக்கு 1 போட்டிருந்தவர்கள் திருத்த வேண்டிய இடம் இது.

உள்நாட்டு ஊர்களுக்கு வெள்ளம் கண்மாய் வழியாக வரும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர்பெற்ற ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இருக்கும் மாவட்டத்தில் கண்மாய்க் கரையைப் பார்க்காத திட்டம் அரைத் திட்டம். கரை உடைவதற்கு வழக்கமான காரணம் கலுங்கு அடைபடுவது. மிகைநீர் வெளியேற வேண்டிய வழியில் கருவேலம் மண்டினால் நீர் கரைமேல் ஏறி வழியும். மண்கரை மேல் நீர் வழிந்தால் சில மணி நேரத்தில் அரித்துவிடும். கரையின் வெளிச்சரிவில் நீர் கசிந்தால் அது தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று பாருங்கள். கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது. உடனே நீர்வளத் துறையினருக்குச் சொல்ல வேண்டும்.

தணிக்கும் வேலைகள்

கூரையிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் குறைந்த செலவில் அதிக ஆபத்து குறைவது அங்கேதான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். 60-இல் தாங்கிய கூரை 120-இலும் தாங்கும் என்று நினைக்க இடமில்லை. கூரையை அழுத்திச் சாய்ப்பதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே காற்றின் வேலை. அந்தத் தூக்கல் ஓரங்களிலும் மூலைகளிலும் மிக அதிகம். ஆனால் வேலை செய்பவர்கள் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் ஜே போல்ட் போட்டுவிட்டுப் போவார்கள். ஓர வரிசைகளில் இடைவெளியைப் பாதியாக்குங்கள். உப்புக் காற்றில் வாஷர் முதலில் தின்னப்படும். வாஷர் போனால் போல்ட் இருந்தும் தகரம் கிழிந்துகொண்டு மேலே போகும். ஆவணியில் ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது ஒரு நாள் வேலை. சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீளும் தாழ்வாரம் காற்றுக்குப் பிடி கொடுக்கும். அதை வீட்டுக் கூரையோடு ஒரே தகடாகப் போடாமல் தனியாகப் போட்டால், தாழ்வாரம் போனாலும் வீட்டுக் கூரை தப்பும். காற்று வரும் பக்கத்துச் சன்னலையும் கதவையும் அடைத்தே வைக்க வேண்டும். அது திறந்தால் உள்ளே புகும் காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளும்.

படகில் நடக்கும் தவறு கயிற்றின் நீளத்தில். நெருக்கடியான துறையில் இடம் மிச்சம் பிடிக்கக் குட்டைக் கயிற்றில் கட்டுகிறார்கள். குட்டைக் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கும். நீண்ட கயிறு படுக்கைவாட்டில் இழுத்து மண்ணுக்குள் இறக்கும். தண்ணீர் 3 மீட்டர், புயலில் உயரக்கூடியது 1 மீட்டர், அணியம் (படகின் முன்முனை) நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 5. அதன் ஏழு மடங்கு, 35 மீட்டர் கயிறு வேண்டும். அத்தனை படகும் அப்படிச் சுழல இடமில்லை என்றால், எல்லைக்கோட்டை முன்னே நகர்த்துவதுதான் வழி: இத்தனை படகு தாண்டினால் மிச்சம் அனைத்தும் முதல் எச்சரிக்கையிலேயே வேறு துறைக்குப் போக வேண்டும் என்று சங்கம் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கயிறு அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, அணியத்தில் உரசும் இடத்தில். அங்கே பழைய ரப்பர் குழாயோ சாக்கோ சுற்றுங்கள். ஃபைபர் படகைக் கரையேற்றினால் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடித்துளை அடைப்பைத் திறந்துவிடுங்கள், மழைநீர் தேங்காது.

எச்சரிக்கைக் கூண்டைப் படிப்பது

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறியதும் செய்தி பரவும். எண்ணின் பொருள் பரவாது. 1: தொலைவில் தாழ்வு மண்டலம், துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை. 2: தொலைவில் புயல் உருவாகிவிட்டது. 3: துறைமுகத்தில் திடீர்க் காற்றோடு மழைக்கு வாய்ப்பு. 4: புயல் துறைமுகத்தை மிரட்டுகிறது. 5, 6, 7 மூன்றும் அபாயம். மூன்றும் ஒரே கடுமை. புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதே வேறுபாடு: 5 என்றால் புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம், 6 என்றால் வலப்புறம், 7 என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ. தீவிரப் புயலுக்கு 8, 9, 10 இதே வரிசை. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஆகவே 5-இலிருந்து 6-க்கு மாறினால் புயல் வலுத்தது என்று பொருளில்லை. 7-இலிருந்து 8-க்குப் போனால்தான் கடுமை கூடியிருக்கிறது.

இன்னொரு சொல் ஏமாற்றும்: 'வலுவிழந்தது'. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பன் அருகே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, நகராமல் அங்கேயே நின்றது. காற்று தணிந்தது, மழை தணியவில்லை. வலுவிழப்பது காற்றுக்கான கணக்கு. நகராமல் நிற்கும் தாழ்வு மண்டலம் மழைக்கு மோசமானது.

வெளியேறும் நேரத்தைப் பின்னிருந்து எண்ண வேண்டும். முதியவர் நடை மணிக்கு 3 கி.மீ. என்றால் 2 கி.மீ. தள்ளியிருக்கும் பாதுகாப்பு மையத்துக்கு 40 நிமிடம். வீடுவீடாகச் சொல்லிக் கிளப்ப இரண்டு மணி நேரம். மணிக்கு 50 கி.மீ. காற்றில் மழையோடு நடப்பதே கடினம். இரவில் மின்சாரமும் இருக்காது. ஆக, புயல் நள்ளிரவில் கடக்கும் என்றால் நடுப்பகலே எல்லைக்கோடு. பலர் வர மறுப்பதற்குப் பிடிவாதத்தைக் காரணம் சொல்கிறோம். போய்க் கேட்டால் ஆடு, வலை, பூட்டில்லாத வீடு என்பார்கள். மையத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கு ஒரு தொழுவமும், தெருவுக்கு இரண்டு காவலும் ஏற்பாடு செய்தால் பாதிப் பிடிவாதம் போய்விடும்.

காற்று திடீரென ஓய்ந்து வானம் வெளுத்தால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கிறது என்றால் சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். ஒரு பக்கம் ஆட்டங்கண்ட சுவரும் மரமும் அப்போதுதான் விழும்.

கரையிலேயே வளரும் காவல்

மணல்மேட்டில் படரும் அடம்பும் இராவணன் மீசையும் களையல்ல. அவற்றின் வேரும் கொடியும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. கடற்கரைக்கு நேர்கோட்டில் வழி வெட்டினால் அலை உள்ளே வர வாசல் திறந்ததாகிவிடும். வழியை வளைத்து வெட்டுங்கள். காரங்காட்டின் அலையாத்திக் காடும், மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளும் அலையின் வேகத்தைக் கரைக்கு முன்பே தின்கின்றன. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கியதில் பவளப்பாறை வெட்டியதற்குப் பெரும் பங்குண்டு. திட்டு போனால் தீவு போகும், தீவு போனால் அலை நேராகக் கரைக்கு வரும்.

பணத்தால் ஈடுகட்டும் வழி

தடுக்க முடியாத இழப்பைக் காப்பீட்டின் தலையில் ஏற்றலாம். பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ ரூ.5 லட்சம். பயிர்க் காப்பீட்டில், தனி வயல் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு தவறி இழப்பவர்கள் பலர். கெடு தேதியும் பாலிசி எண்ணும் வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கட்டும். கூடவே அவசர எண்களும்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, கடலோரக் காவல் படை 1554.

தண்ணீர் வடிந்த பிறகு

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 3 லிட்டர் என்றால் ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று நாளுக்கு 45 லிட்டர். மூடியுள்ள கேன்களில் முன்பே பிடித்து வைத்ததைத்தான் முதலில் குடிக்க வேண்டும். கிணற்றைச் சுத்திகரிக்க, நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 9,400 லிட்டர்; தூள் 24 கிராம். தூளை நேரே கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும், குளோரின் மேலேயே நின்றுவிடும். வாளியில் குழைத்து, தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்தே எடுக்கலாம்.

கடல்நீர் புகுந்த ஊற்றுக்கு இது உதவாது; குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. மோட்டார் வைத்து அடிமட்டம் வரை இறைத்தால் நிலைமை மோசமாகும். தீவின் மணலில் நல்ல நீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். சேறையும் குப்பையையும் அகற்றிவிட்டு, கொஞ்சமாக இறைத்து, மழை இறங்கிக் கழுவக் காத்திருக்க வேண்டும்.

அதோடு ஒரு பெயிண்ட் டப்பா. தண்ணீர் எட்டிய உயரத்தில், அரசுக் கட்டடம் ஒன்றின் சுவரில் கோடு போட்டு, தேதியை எழுதுங்கள். கறை ஒரு வெள்ளையடிப்பில் மறைந்துவிடும். அடுத்த ஆவணியில் தாளும் பேனாவுமாக நடக்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.